அசையக் கூடாதவை

கார்களுக்கு ஆடியோ பொருத்துவதும் நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுப்பதும் நான் செய்யும் தொழில்கள். இரண்டிலும் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எதை வாங்கலாம் என்பதுதான். பாட்டு தெளிவாக இல்லை, எந்த ஸ்பீக்கர் போடலாம்? படம் ஷார்ப்பாக வரவில்லை, எந்த லென்ஸ் எடுக்கலாம்? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடைகடையாக ஏறி இறங்குகிறவர்களும் கேமரா கடையில் கண்ணாடி அலமாரி முன்னால் நிற்கிறவர்களும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. அதற்கு முன்னால், அசையக் கூடாத எது அசைகிறது என்று பார்த்தாக வேண்டும். காரில் பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் கூம்பு மட்டும்தான் அசைய வேண்டும். கதவுத் தகடும் டோர் பேடும் நம்பர் பிளேட்டும் சும்மா இருக்க வேண்டும். கேமராவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் எதுவுமே அசையக் கூடாது. ஒலி கெடுவதும் படம் மங்குவதும் பெரும்பாலும் இந்த வேண்டாத அசைவால்தான். அதை அடக்கும் வேலை வெளியே தெரியாதது. அதனாலேயே அதற்குச் செலவழிக்க மனம் வருவதில்லை.

கதவிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர்க் கார்களில் முன்பக்க ஸ்பீக்கர் பெரும்பாலும் கதவின் கீழ்ப்பகுதியில் இருக்கும். வழக்கமான அளவு ஆறரை அங்குலம். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு. காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு பார்க்க வேண்டியிருக்கிறது. கதவோ அதற்காகச் செய்யப்பட்டதில்லை. வெளித்தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. உட்தகட்டில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பையும் பூட்டுக் கம்பிகளையும் கழற்றி மாட்டுவதற்காகக் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அவற்றின் மேல், மழைநீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் தாள். கூம்பு முன்பக்கக் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. பின்னால் கிளம்பும் அலை அந்த ஓட்டைகள் வழியாகக் காருக்குள் வந்து முன்னால் கிளம்பிய அலையோடு சேர்ந்தால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு கூடும். 60 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு அரை மீட்டர் கதவு ஒரு தடுப்பே ஆகாது. கச்சேரிப் பதிவைப் போட்டால் மிருதங்கத்தின் வலந்தலை தெளிவாகக் கேட்க, தொப்பி மட்டும் எங்கோ போய்விடுகிறது. அது ஸ்பீக்கரிலிருந்து வராமல் இல்லை, வந்தபின் அழிகிறது. அந்த இடத்தில் மூன்று மடங்கு விலையில் வேறு ஸ்பீக்கரை வைத்தாலும் அதன் பின்னலையும் அதே ஓட்டை வழியாகத்தான் வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறரை அங்குல ஸ்பீக்கரில் உண்மையில் காற்றைத் தள்ளும் கூம்பின் பரப்பு சுமார் 130 சதுர சென்டிமீட்டர். ஒரு சிறிய காரின் முன்கதவில், கண்ணாடிக்குக் கீழே உள்ள பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம். அதாவது 5,000 சதுர சென்டிமீட்டர். கூம்பைப்போல நாற்பது மடங்கு அளவு. கூம்பு ஒரு மில்லிமீட்டர் நகரும்போது அந்தப் பரப்பு அதில் நாற்பதில் ஒரு பங்கு நகர்ந்தாலே இரண்டும் இடம்பெயர்க்கும் காற்று சமமாகிவிடுகிறது. தகடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அசைவதில்லை என்பதால் இது துல்லியமான அளவில்லை. ஆனாலும் எதிரி எவ்வளவு பெரியவன் என்பது புரியும். அந்தத் தகடு பாட்டோடு சேர்ந்து நிற்பதுமில்லை. தனக்கு வாகான சில சுருதிகளில் மட்டும் ரீங்கரித்து, பாட்டு நின்ற பிறகும் கொஞ்சம் இழுக்கும். ‘பேஸ் வருகிறது, ஆனால் குழறுகிறது’ என்று வாடிக்கையாளர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கான வேலை கடினமானதில்லை, பொறுமையானது. டோர் பேடைக் கழற்றி, தகட்டைத் துடைத்து, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டைத் தகட்டின் நடுப்பகுதிகளில் உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். தகடு வளைய முயலும்போது அலுமினியத்துக்கும் இரும்புக்கும் இடையில் மாட்டிக்கொண்ட பிசின் பக்கவாட்டில் இழுபட்டு, அந்த அசைவைச் சூடாக மாற்றிவிடுகிறது. ரீங்காரத்தை அடக்கப் பரப்பில் கால்பங்கு ஒட்டினாலே பெரும் பலன் கிடைக்கும்; முழுக்க மூடினால் எடைதான் கூடும். ஓட்டைகளை மூடுவது தனி வேலை, அதை மட்டும் முழுமையாகச் செய்ய வேண்டும். தார் கலந்த மலிவு ஷீட்டைக் கையில் தொடாதீர்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காரில் அது இளகி வழியும். நாற்றம் மாதக்கணக்கில் போகாது. கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை எந்த ஷீட்டாலும் மூடக் கூடாது. மூடினால் மழைநீர் உள்ளே தேங்கிக் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். ஸ்பீக்கரைத் தாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதிலாகக் கனமான வளையம் வேண்டும். சாதாரண எம்டிஎஃப் பலகை கதவுக்குள் ஈரம் பட்டு உப்பிவிடும் என்பதால் நீர் புகாத பிளாஸ்டிக்கிலோ மரைன் பிளைவுட்டிலோ வெட்டுவது நல்லது. ஸ்பீக்கரின் விளிம்புக்கும் டோர் பேடின் வலைக்கும் நடுவில் ஒரு ஃபோம் பட்டை, உள்ளே தளர்ந்து ஆடும் வயருக்கும் பூட்டுக் கம்பிக்கும் ஃபோம் டேப், உடைந்த கிளிப்புக்குப் புதுக் கிளிப். முன்பு விரலால் தட்டினால் டங்கென்று ஒலித்த கதவு இப்போது தொப்பென்று அடங்கும். அதன்பிறகு கம்பெனி ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிக் கேட்கச் சொல்வேன்.

ஈக்வலைசரில் பேஸை ஏற்றிக்கொண்டால் போகாதா என்பது நான் அடிக்கடி சந்திக்கும் எதிர்க்கேள்வி. போகாது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் ஒலியை ஏற்றினால் இரண்டு அலையும் சேர்ந்தே ஏறுகின்றன. அழிவும் அதே விகிதத்தில் தொடர்கிறது. ஆறு டெசிபல் ஏற்றுவது என்றால் ஆம்ப்ளிஃபையரிடம் நான்கு மடங்கு சக்தி கேட்பது. கூம்பு கூடுதலாக ஓடும், வாய்ஸ் காயில் சூடாகும், தகடு இன்னும் பலமாக ரீங்கரிக்கும். ஈக்வலைசர் நல்ல கருவி. கதவு அடங்கிய பிறகு, காரின் உட்புறம் தானாக எழுப்பிக்காட்டும் மேடுகளைத் தட்டிச் சமன்செய்வதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அதேபோல் டிஎஸ்பி என்ற டிஜிட்டல் ஒலிச் செயலியில் உள்ள டைம் அலைன்மென்ட். நம் ஊரில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது ஸ்பீக்கர் இடதைவிட அரை மீட்டர் அருகில் இருந்தால் அதன் ஒலி சுமார் ஒன்றரை மில்லி நொடி முந்தி வந்துவிடும், பாடகர் வலது கதவுக்குள் ஒளிந்துகொள்வார். அந்த ஒன்றரை மில்லி நொடியை டிஎஸ்பியில் தாமதமாக வைத்தால் குரல் டேஷ்போர்டின் மேல் வந்து நிற்கும். ஆனால் இழந்ததை மீட்கும் வேலையை இவற்றில் எதன் தலையிலும் சுமத்த முடியாது.

புது ஸ்பீக்கர் மாட்டியதும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதே என்பார்கள். தெரியும், அதை நான் மறுக்கவில்லை. மேல்சுருதிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்விட்டர் இல்லாத கதவில் அது தனியாக வந்தால் தம்புராவின் மேல்நாதமும் ஜால்ராவும் புதிதாகக் கேட்கும். மேல்பகுதியில் கிடைத்த அந்தத் தெளிவைக் காது மொத்த முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிறது. அடிப்பகுதி பழையபடியேதான் இருக்கும். சில சமயம் குறைந்தும் போகும். கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு லேசானது, கொஞ்ச சக்தியில் நிறையச் சத்தம் தரும். விலையுயர்ந்த ஸ்பீக்கரின் கூம்பு பல நேரம் கனமானது. கம்பெனி ஸ்டீரியோவால் அதைத் தள்ள முடியாது. பெட்டியில் ‘50 வாட், நான்கு சேனல்’ என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். கணக்கு எளிது. இன்ஜின் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ அதாலேயே பெருக்கி நான்கால் வகுத்தால் 51.8 வருகிறது. அது அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்ட நிலையில் வரும் எண்; அந்த நிலையில் பாட்டைக் கேட்க முடியாது. சுத்தமான சைன் அலைக்கு உச்சவரம்பே சுமார் 26 வாட், உள்ளிழப்புகள் போகக் கையில் வருவது 20 வாட் அளவு. அமெரிக்காவில் 2003-இல் வந்த சிஇஏ-2006 தரம் 14.4 வோல்ட், 4 ஓம், அதிகபட்சம் ஒரு சதவீதச் சிதைவு என்று அளக்கச் சொல்வது இந்த மிகையைக் கட்டுப்படுத்தத்தான். அந்த முறையில் அளந்த எண் பெட்டியில் இருந்தால் அதை மட்டும் பாருங்கள். சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது மூன்றே டெசிபல். ஓட்டைகளை மூடிய கதவு பேஸில் தரும் லாபத்தோடு இதை ஒப்பிட்டால் பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.

இனி கேமரா. இரண்டு தொழிலும் ஒரே கதவில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. முதுமலைச் சாலையிலோ பழவேற்காட்டுக் கரையிலோ காருக்குள் உட்கார்ந்தபடி, இறக்கிவிட்ட கண்ணாடியின் விளிம்பில் லென்ஸைச் சாய்த்து எடுப்பவர்கள் நிறைய. இன்ஜினை ஓடவிட்டு எடுத்தால் என்ன ஆகும்? நம் சின்னக் கார்களில் பல மூன்று சிலிண்டர் இன்ஜின்கள். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங் ஓடினால் நொடிக்கு இருபது முறை ஏதாவதொரு சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கிறது. டோர் பேடின் கிளிப்பைக் கடகடக்க வைக்கும் அதே இருபது ஹெர்ட்ஸ்தான் லென்ஸையும் ஆட்டுகிறது. இன்ஜினை அணைத்து, அரிசியோ பச்சைப்பயறோ நிரப்பிய துணிப்பையை விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால், விலையுயர்ந்த லென்ஸில் வராத கூர்மை சாதாரண லென்ஸில் வரும்.

எவ்வளவு சிறிய அசைவு படத்தைக் கெடுக்கிறது என்பதை எண்ணில் பார்த்தால்தான் இது மிகைப்பேச்சில்லை என்று தெரியும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 36 மில்லிமீட்டர் அகலத்தில் 6,000 பிக்சல்கள். ஒரு பிக்சல் 6 மைக்ரான். 50 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு பிக்சல் தள்ளிப்போகக் கேமரா திரும்ப வேண்டிய கோணம் ஒரு பாகையின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 200 மில்லிமீட்டர் லென்ஸில் அதிலும் கால்பங்கு. மனிதக் கை அவ்வளவு அசையாமல் நிற்காது; எனவே நேரத்தைக் குறைப்பதுதான் வழி. லென்ஸின் குவியத்தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, ஒரு நொடியில் அத்தனையில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும் என்ற பழைய விதி ஃபிலிம் காலத்துக் கைக்கடக்கமான பிரிண்டுகளுக்காகப் பிறந்தது. இன்றைய சென்சாரை முழு அளவில் பெரிதாக்கிப் பார்ப்பவர் அதைவிட இருமடங்கு, மும்மடங்கு வேகம் வைக்க வேண்டும்.

அதற்குத்தானே ஸ்டெபிலைசேஷன் வந்திருக்கிறது என்று கேட்கலாம். எஸ்எல்ஆர் கேமராக்களுக்கு 1995-இல் கேனன் கொண்டுவந்த 75-300 லென்ஸிலிருந்து இன்றைய எட்டு ஸ்டாப் உரிமைகோரல் வரை அது பெரும் சாதனை. கோயில் மண்டபத்து இருட்டில் தூணையும் சிற்பத்தையும் கையில் பிடித்தே எடுக்க முடிவது அதனால்தான். ஆனால் அது கேமராவின் அசைவை மட்டும் ஈடுகட்டும், எதிரில் இருப்பவரின் அசைவை ஒன்றும் செய்யாது. சாதாரணமாக நடக்கும் மனிதர் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார். அறுபதில் ஒரு நொடியில் 2.3 சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் தள்ளி நின்று 50 மில்லிமீட்டர் லென்ஸில் அவரைப் பக்கவாட்டில் எடுத்தால் சென்சாரில் அவர் ஏறக்குறைய 38 பிக்சல் இழுபட்டிருப்பார். ஐந்நூறில் ஒரு நொடி வைத்தால் அது ஐந்தாகக் குறையும். கல்யாண வீட்டிலும் மார்கழி நாட்டிய மேடையிலும் ஷேக் ஆகிவிட்டது என்று ஒதுக்கும் படங்களில் கணிசமானவை இந்த வகை. கூர்ந்து பார்த்தால் தெரியும்: பின்னால் இருக்கும் திரை தெளிவாக இருக்கும், கை மட்டும் கரைந்திருக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்ட ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். அதற்குப் பலர் பயப்படுகிறார்கள். ஐஎஸ்ஓ 3200-இல் வரும் குருணை, அச்சில் பாதி மறையும், மென்பொருளில் மீதி மறையும். இழுபட்ட விரல் எதிலும் திரும்பி வராது. மேடையில் எடுப்பவருக்கு நாட்டியம் தெரிந்திருப்பதும் பெரிய உதவி. ஜதியை முடிக்கும் தீர்மானம் நிறைவுறும் இடத்தில் உடல் ஒரு கணம் நிற்கிறது. தாவலின் உச்சியில், வீசிய கை திரும்பும் இடத்தில், வேகம் சுழியத்துக்கு வருகிறது. தாளத்தை எண்ணிக்கொண்டு அந்தக் கணத்தில் அழுத்துகிறவருக்கு மெதுவான ஷட்டரிலும் கூர்மை கிடைக்கும்.

முன்பின் அசைவு இன்னொரு வகை, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 85 மில்லிமீட்டர் லென்ஸின் துளையை எஃப் 1.4 அளவுக்குத் திறந்து இரண்டு மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தம் நான்கரை சென்டிமீட்டர் அளவு. கண்ணில் ஃபோகஸ் பூட்டிய பிறகு எடுப்பவரோ எடுக்கப்படுபவரோ இரண்டு விரற்கடை சாய்ந்தால் கண் மங்கிவிடும். எஃப் 4-க்கு வந்தால் அந்த ஆழம் 13 சென்டிமீட்டர் ஆகிறது. அதற்காக எஃப் 22 வரை மூடுவதும் சரியில்லை. சிறு துளையில் ஒளி வளைந்து பரவுகிறது. எஃப் 22-இல் ஒரு புள்ளி சென்சாரில் 29 மைக்ரான் வட்டமாக விரியும், ஐந்து பிக்சல் அகலம். எஃப் 5.6-இலிருந்து 8 வரை வைத்தால் கேமராவோடு வரும் கிட் லென்ஸின் நடுப்பகுதிக்கும் பத்து மடங்கு விலையுள்ள லென்ஸின் நடுப்பகுதிக்கும் ஏ4 அச்சில் வேறுபாடு கண்டுபிடிப்பது கஷ்டம். ஏ4 தாளை நல்ல தரத்தில் அச்சடிக்க ஒன்பது மெகாபிக்சல்கூடத் தேவைப்படாது. விலையுயர்ந்த லென்ஸ் தன் விலைக்கு ஈடுகொடுப்பது திறந்த துளையிலும் ஓரங்களிலும் எதிர்வெளிச்சத்திலும். அந்தச் சூழலில் எடுப்பவர் தாராளமாக வாங்கட்டும்.

மென்பொருளில் ஷார்ப்பன் செய்துகொள்ளலாம் என்பவருக்கு என் பதில் ஈக்வலைசர்காரருக்குச் சொன்ன அதே பதில்தான். அந்தப் பொத்தான் விளிம்பின் இருபுறமும் வெளுப்பையும் கருப்பையும் கூட்டிக் கண்ணுக்குக் கூர்மையாகக் காட்டுகிறது. பதிவாகாத இமைமுடியை அது உண்டாக்காது. புதிய மென்பொருள்கள் உண்டாக்குகின்றன, உண்மைதான். அவை வரைவது அந்த ஆளின் இமைமுடியை இல்லை, பொதுவான ஓர் இமைமுடியை. தாத்தாவின் முகத்தை நாளைக்குப் பேரன் பார்க்க எடுக்கும் படத்தில் அந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கூர்மைதான் படமா என்ற ஆட்சேபம் இவற்றில் கனமானது. 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கிய ஒமாஹா கடற்கரையில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா எடுத்த படங்கள் கலங்கியிருக்கின்றன. அந்தக் கலக்கம் இல்லாமல் அவற்றை நினைக்கவே முடியவில்லை. ஓடும் தேர்வடத்தை மெதுவான ஷட்டரில் இழுபடவிட்டு எடுப்பதும் அழகுதான். ஆனால் அங்கே எது அசைய வேண்டும், எது நிற்க வேண்டும் என்பது எடுப்பவரின் தேர்வு. தேரின் கலசம் கூர்மையாக நின்றால்தான் வடம் பிடிப்பவர்களின் வேகம் வேகமாகத் தெரியும். எல்லாமே கலங்கினால் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அசைவை அடக்கத் தெரிந்தவருக்குத்தான் அதை வேண்டிய அளவு விட்டுவைக்கவும் முடியும்.

கடைசியாகக் கூலி. கதவு வேலைக்கு ஒரு ஆள் அரைநாளாவது உட்கார வேண்டும். முடிந்தபின் எல்லாம் டோர் பேடுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஸ்பீக்கர் பெட்டியைக் கையில் வாங்குவதுபோல இதை வாங்க முடியாது என்பதால் பேரம் முதலில் விழுவது இதன்மேல்தான். கடைகளும் ஸ்பீக்கரின் லாபத்தை விட்டுவிட்டு இதைச் சொல்ல முன்வருவதில்லை. எனவே வாடிக்கையாளரே சோதித்துக்கொள்வது நல்லது. போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மிதமான சத்தத்தில் மெல்ல ஏற்றிக்கொண்டே கதவின் மேல் உள்ளங்கையை வையுங்கள். எந்த எண்ணில் கதவு கையில் துடிக்கிறது, எந்த எண்ணில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். டோர் பேட் கழன்றிருக்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று ஓட்டைகள் மூடப்பட்டனவா, வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கேமராவுக்கும் இப்படி ஒன்று செய்யலாம். ஒரு செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, எஃப் 8-இல், வழக்கமாக எடுக்கும் ஷட்டர் வேகத்தில் கையில் பிடித்து ஒரு படம். ட்ரைபாடில் ஸ்டெபிலைசேஷனை அணைத்து, இரண்டு நொடி டைமர் வைத்து இன்னொன்று. இரண்டையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பொடி எழுத்தை வாசித்துப் பாருங்கள். ட்ரைபாட் படம் வாசிக்க முடிந்து கைப்படம் முடியாவிட்டால் லென்ஸுக்கு ஒதுக்கிய பணம் பத்திரமாக இருக்கட்டும். இரண்டிலுமே முடியாவிட்டால் ஃபோகஸைச் சரிபார்த்துவிட்டு, லென்ஸ் கடைக்குப் போகலாம்.